வேலூரிலிருந்து அருவி, மலை, ஏரி: மூன்று நாள் கார் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட ஆற்காட்டுக்காரர்கள் அருவி பார்க்கக் குற்றாலம் வரை போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையும் ஏலகிரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் இங்குள்ள அருவிகள் மழையை நம்பியவை. தண்ணீர் வரும் வாரத்தில் போனால் மனம் நிறையும். தவறினால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எனவே எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு தானாக அமையும்.

எந்த மாதம் கிளம்பலாம்?

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழை பிடித்து, ஓடைகள் நிரம்பி, அருவிகளில் தண்ணீர் விழும் காலம் இது. ஆகஸ்ட், செப்டம்பரிலும் நம் பக்கம் சாயங்கால இடிமழை நன்றாகப் பெய்யும். அந்த வருடம் மழை வலுவாக இருந்தால் அப்போதே ஜவ்வாது மலை பச்சைப் பசேலென்று ஆகிவிடும்.

பிப்ரவரிக்குப் பிறகு அருவிக்காகக் கிளம்பாதீர்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஏலகிரியில் காற்றுக்காகத் தங்கலாம், புங்கனூர் ஏரியில் படகு ஓட்டலாம், அவ்வளவுதான். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மேலே கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் ஊட்டி மாதிரி குளிரை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஏலகிரியின் உயரமே சுமார் 1,100 மீட்டர்தான்.

மழைக்காலத்திலும் எந்த நாள் என்பது முக்கியம். புயல் சின்னம் இருக்கும்போதும் கனமழை எச்சரிக்கை இருக்கும்போதும் மலையேற வேண்டாம். நல்ல மழை பெய்து ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். அப்போது சேற்று வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும், சாலையில் சரிந்த மண்ணையும் அள்ளியிருப்பார்கள்.

நாள் குறிக்கும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

திருவண்ணாமலையைப் பார்க்க வேண்டும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் வழியாகப் போகும் சாலைதான் அங்கே போகும் கூட்டத்துக்கும் சாலை. பௌர்ணமி கிரிவல நாளில் பிற்பகலிலிருந்தே நெரிசல் தொடங்கிவிடும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கம் பயணமே போட வேண்டாம். ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வண்டிகளால் சந்தவாசல் திணறும். காணும் பொங்கலன்று அமிர்தியிலும் சாத்தனூர் அணையிலும் கால் வைக்க இடம் இருக்காது.

இன்னொன்று. இந்த வட்டப் பயணம் மூன்று மாவட்டங்களுக்குள் போய்வருகிறது. அமிர்தி வேலூர் மாவட்டம்; ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம்; காவலூர், ஜலகாம்பாறை, ஏலகிரி மூன்றும் 2019-ல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டம். மழைக்காலத்தில் அருவியில் குளிக்கத் தடை, மலைப்பாதை மூடல் போன்ற அறிவிப்புகள் மாவட்டவாரியாகத்தான் வரும். வேலூர்ச் செய்தியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் திறந்திருக்கிறது என்று கிளம்பியவர்கள் பாதியில் சோதனைச்சாவடியிலிருந்து திரும்பியதுண்டு. மூன்று மாவட்ட நிர்வாகங்களின் அறிவிப்புகளையும் முந்தின நாள் பாருங்கள்.

மூன்று நாளுக்கு வழி எப்படிப் போடுவது?

முதல் நாள் காலை எட்டு மணிக்கு வேலூரை விட்டால் போதும். கணியம்பாடி வழியாக அமிர்தி சுமார் 25 கி.மீ. உயிரியல் பூங்கா ஒன்பது மணிவாக்கில் திறக்கும். அதற்கு வார விடுமுறையும் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். பூங்காவைத் தாண்டி நடந்தால் அருவி. பதினொன்றரைக்குள் அங்கிருந்து கிளம்பி, திருவண்ணாமலைச் சாலையைப் பிடித்து, கண்ணமங்கலம் வழியாகப் போளூர். அங்கே மதியச் சாப்பாடு. இரண்டு மணிக்கு மலையேறத் தொடங்கினால் நான்கு மணிக்குள் ஜமுனாமரத்தூரில் இருப்பீர்கள். மாலையில் கோலப்பன் ஏரிப் படகுத்துறை. இரவு அங்கேயே.

இரண்டாம் நாள் காலை முதல் வேலையாகப் பீமன் அருவி. கூட்டம் சேர்வதற்கு முன் எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது. பத்தரைக்குக் கிளம்பி, காவலூர் வழியாக ஆலங்காயத்தில் இறங்குங்கள். அங்கிருந்து திருப்பத்தூர். திருப்பத்தூரிலிருந்து ஜலகாம்பாறை சுமார் 15 கி.மீ. அருவியைப் பார்த்துவிட்டு நான்கு மணிக்குள் பொன்னேரி கூட்டுச்சாலைக்கு வந்துவிட்டால் வெளிச்சத்திலேயே ஏலகிரி ஏறலாம். இரவு அத்தனாவூர் பக்கம்.

மூன்றாம் நாள் காலையில் ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை உச்சிக்கு நடை, பிறகு புங்கனூர் ஏரி. மதியம் இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக வேலூர். இது சுமார் 90 கி.மீ.

எல்லாம் சேர்த்து 310 முதல் 330 கி.மீ. வரை வரும்.

அமிர்தியிலிருந்தே ஜமுனாமரத்தூருக்கு மேலே ஏற வழி காட்டுகிறதே, எதற்குப் போளூர் சுற்ற வேண்டும்?

செல்போன் வரைபடம் குறுக்குவழியைத்தான் முதலில் காட்டும். அந்தச் சாலை அகலமா, மழையில் அரித்திருக்கிறதா, வனத்துறை விடுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நம்மியம்பட்டுப் பக்கத்துக் காட்டுச் சாலைகள் குறுகலானவை. எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் பழக்கத்தில் போவார்கள். மலைச்சாலை புதிதாக ஓட்டுபவருக்கு, அதுவும் மழை பெய்த வாரத்தில், போளூர்ப் பாதைதான் சரி. அதில் பேருந்து ஓடுகிறது. பேருந்து ஓடும் சாலையில் போவது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்த்துவிடலாம்.

மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள். அதோடு ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள். வழி கேட்கும்போது “ஜமுனாமரத்தூர் எப்படி?” என்று கேட்பதைவிட “அடுத்து எந்த ஊர் வரும்?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் கி.மீ. தானா? இரண்டே நாளில் முடித்துவிடலாமே?

நான்குவழிச் சாலையில் நூறு கி.மீ. ஒன்றரை மணி நேரம். மலைப்பாதையில் சராசரி 25 கி.மீ. வேகம் வந்தாலே நல்ல ஓட்டம். அருவிக்கு இறங்கி ஏறுவது, உடை மாற்றுவது, குழந்தைகளுக்குச் சாப்பாடு என்று ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டு நாளில் திணித்தால் கடைசியில் ஒரு மலைப்பாதையை இருட்டில் ஓட்ட வேண்டி வரும். அதை மட்டும் செய்யாதீர்கள். மழைக்கால மலையில் மாலை ஐந்தரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கும், பனிமூட்டமும் இறங்கும். நேரம் இரண்டு நாள்தான் என்றால் ஜவ்வாதையோ ஏலகிரியையோ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாதைத்தான் நாங்கள் சொல்வோம். ஏலகிரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போய் வந்துவிடலாம்.

பெட்ரோல் எவ்வளவு போடணும்?

கணக்கு எளிது. சமவெளியில் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் கார் மலைப்பாதையில் 11 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை சுமார் 120 கி.மீ.க்கு 11 லிட்டர், சமவெளி 210 கி.மீ.க்கு 13 லிட்டர். ஆக 24 லிட்டர். வழி தவறுவது, ஏ.சி., நெரிசல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். முதல் நாள் போளூரிலும், இரண்டாம் நாள் திருப்பத்தூரிலும் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காற்றுப் பிடிப்பது, பஞ்சர் பார்ப்பது எல்லாமும் கீழேயே.

வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு வாரம் முன்னாலேயே மெக்கானிக்கிடம் விடுங்கள். முந்தின நாள் விட்டால் பாகம் கிடைக்காமல் பயணம் நின்றுவிடும். பிரேக் பேடு தேய்மானம், பிரேக் ஆயில், கூலண்ட், கிளட்ச், வைப்பர் ரப்பர், முன்விளக்கு. இந்த ஆறும் சரியாக இருந்தால் போதும்.

பிரேக் ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலின் கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி நசுங்கும். அதனால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் இந்த ஆபத்தே இல்லை. செலவும் சில நூறு ரூபாய்தான்.

டயரின் காற்றழுத்தம் எவ்வளவு என்று ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் அளந்து நிரப்புங்கள். முழு ஆட்களும் சாமானும் ஏற்றினால் எவ்வளவு என்று அதே சீட்டில் தனியாக இருக்கும். டயரின் காடி ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படி ஓட்டக் கூடாது. மழை மலைக்கு 3 மி.மீ. இருந்தால்தான் நிம்மதி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கரத்தடுப்புக்கு இரண்டு மரக்கட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் ஜாக்கி போடும்போது அது இல்லாமல் முடியாது.

கொண்டை ஊசி வளைவு ஓட்டிப் பழக்கமில்லை. ஏலகிரி ஏற முடியுமா?

முடியும். பழகுவதற்கு ஏலகிரியைவிட நல்ல மலை இந்தப் பக்கத்தில் கிடையாது. 14 வளைவுகள், நல்ல சாலை. ஒவ்வொரு வளைவுக்கும் பெயர்ப்பலகை உண்டு. பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஏழு பேர். பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என்று வள்ளல்கள் ஏழு பேர். குழந்தைகளைப் பலகை படிக்கச் சொன்னால் எத்தனையாவது வளைவு என்பதும் தெரியும், அவர்களுக்கு வாந்தி ஞாபகமும் வராது.

ஏறும்போது வளைவுக்கு 20 மீட்டர் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் கியர் மாற்றினால் இழுவிசை அறுந்து வண்டி பின்வாங்கும். முழுக்க ஆள் ஏற்றிய சின்ன இன்ஜின் கார் திணறினால் முதல் கியர், வெட்கப்பட ஒன்றுமில்லை. வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, சன்னலை இறக்கி எதிர் ஹாரன் கேட்கிறதா பாருங்கள். பேருந்தோ லாரியோ மேலிருந்து திரும்பினால் அதற்கு முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்குள் மூக்கை நுழைக்காமல் கீழேயே நின்று அதை விடுங்கள். மற்றபடி ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் இறங்கும்போது மேலேறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதுதான் புதியவர்களுக்குப் பயம். கைப்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பும், இன்ஜின் சத்தம் கனக்கும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துக் கைப்பிரேக்கை விட்டால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. கிளம்பும் முன் வீட்டுப் பக்கத்து மேம்பாலச் சரிவில், வண்டி நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், பத்து முறை பழகிவிட்டு வாருங்கள்.

இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாசனை வருகிறது. என்ன செய்வது?

அது எச்சரிக்கை. பேடு அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, இருபது முப்பது நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான இரும்புத் தட்டு நெளிந்துவிடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிரும். சக்கரத்தைத் தொடவும் வேண்டாம்.

இது வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: மூன்றாம் நான்காம் கியரில் இறங்கி, காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் தானே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் கியரை எடுப்பவர்கள் உண்டு. அது உயிருக்கு உலை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், ஆகவே மிச்சமும் கிடையாது. ஆட்டோமேடிக் காரில் ‘எல்’ அல்லது கைமுறை இரண்டாம் கியர்.

ஏறும்போது வெப்பமுள் மேலே போனால்?

ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுக்கத் திறந்து விசிறியை வேகமாக வையுங்கள். வண்டிக்குள் புழுக்கம்தான், ஆனால் இன்ஜின் சூடு அந்த வழியாக வெளியேறும். முள் இறங்காவிட்டால் நிழலில் ஒதுக்கி நிறுத்திப் பானட்டைத் திறந்து வையுங்கள். குறைந்தது அரைமணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறியபின் பக்கத் தொட்டியில் அளவுக்கோட்டைப் பார்த்து நிரப்புங்கள். அதற்காகவே ஒரு லிட்டர் கூலண்ட் எடுத்துப் போங்கள்.

அருவியில் குளிக்கலாமா? குழந்தைகளை இறக்கலாமா?

தடை இல்லாத நாளில், கம்பி கட்டிய இடத்துக்குள், குளிக்கலாம். கம்பியைத் தாண்டி அருவியின் மேல்பாறைக்கு ஏறுவதும், அடியில் தேங்கிய குழியில் குதிப்பதும் கூடவே கூடாது. ஒவ்வொரு மழைக்கும் மேலிருந்து கற்கள் உருண்டு வந்து குழிக்குள் கிடக்கும். போன வருடம் குதித்த இடத்தில் இந்த வருடம் பாறை இருக்கலாம்.

பெரிய ஆபத்து, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வரும் வெள்ளம். மழை பெய்வது மலைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் வருவது இந்தப் பக்கம். அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தெளிந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். காய்ந்த சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரும். அருவியின் ஓசை கனக்கும். சற்று முன் காய்ந்திருந்த கல்லின் விளிம்பு நனையத் தொடங்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பு, துணி, செல்போன் எதையும் எடுக்க நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். ஓடையைக் கடந்து அக்கரை போயிருந்தால், அங்கேயே மேட்டில் ஏறி நில்லுங்கள். திரும்பக் கடக்க முயலும்போதுதான் ஆட்கள் அடித்துச் செல்லப்படுகிறார்கள். மழைக்காலத்தில் இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும், அதனால் குளியலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பாசிப் பாறைக்கு ரப்பர் செருப்பு ஆகாது. பின்பட்டை வைத்த சாண்டல் போடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் சோப்பு ஷாம்பு போடுவதும் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர்க்காரர்கள் எடுக்கிறார்கள்.

காவலூர் வானாய்வகத்தை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில். இரண்டாம் நாள் சனியாக வரும்படி வெள்ளிக்கிழமை கிளம்பினால் பொருந்தும். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரிய வந்த அவதானிப்புகளில் பங்கெடுத்தது. நம் ஊர்ப் பக்கத்துக் காட்டுக்குள் நடந்த வேலை இது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரவில் வானம் பார்க்க நின்றால் அன்றைக்கே ஏலகிரிக்குப் போகத் திட்டமிடாதீர்கள். ஜமுனாமரத்தூரிலேயே இரண்டாம் இரவும் தங்கி, பயணத்தை நான்கு நாளாக்கிக்கொள்ளுங்கள். மழைக்கால வானம் பெரும்பாலும் மூடியிருக்கும். நட்சத்திரம்தான் முக்கியம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை பாருங்கள். அருவியும் வேண்டும் வானமும் வேண்டும் என்பவர்களுக்கு ஜனவரி முதல் பாதி ஒன்றுதான் வழி. ஆய்வகம் இருக்கும் பகுதியில் இரவில் ஹைபீம் விளக்கு போடாதீர்கள்.

ஏலகிரி நிலாவூரிலிருந்து ஜலகாம்பாறை பக்கம்தானே? அங்கிருந்தே இறங்கலாமா?

நடந்து இறங்கலாம், வண்டியில் முடியாது. அட்டாறு ஏலகிரி மலையிலிருந்து இறங்கி ஜலகாம்பாறையில் விழுகிறது, அதனால் வரைபடத்தில் இரண்டும் ஒட்டினாற்போல் தெரியும். ஆனால் நடுவில் இருப்பது காட்டுச் சரிவு. ஐந்தாறு கி.மீ. கரடுமுரடான ஒற்றையடிப் பாதை, உள்ளூர் ஆள் துணையோடு பகலில் மட்டும். காருக்குத் திருப்பத்தூர் வழிதான். அடிவாரத்தில் லிங்க வடிவில் கட்டிய முருகன் கோயில் தெரிந்தால் அருவிக்கு வந்துவிட்டீர்கள்.

சுவாமிமலை நடை எவ்வளவு கடினம்?

மங்கலம் கிராமத்திலிருந்து தொடங்குகிறது. ஒருவழி சுமார் 3 கி.மீ., உச்சி 4,338 அடி. ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் திரும்பலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தனியாகப் போக வேண்டாம், விடிவதற்கு முன்பும் வேண்டாம்; இந்தக் காட்டில் கரடி உண்டு.

நான்காவது நாள் கையில் இருக்கிறது. எங்கே போகலாம்?

தண்ணீர் பெருகிய வருடம் என்றால் மோர்தானா. குடியாத்தத்திலிருந்து சுமார் 25 கி.மீ. கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே உள்ள 11.5 மீட்டர் உயர அணை. நிரம்பினால் உபரிநீர் தானாகவே வழிந்து, அகலத் திரையாக விழும். நிரம்பாத வருடம் இதற்காகப் போக வேண்டாம். அணை வழிகிறதா என்று குடியாத்தத்தில் விசாரித்துவிட்டுத் திரும்புங்கள்.

இன்னும் கொஞ்சம் ஓட்ட ஆசை உள்ளவர்களுக்கு ஆந்திர எல்லைக்கு அப்பால் கைகல் அருவி. பலமனேர்–குப்பம் சாலையை ஒட்டி, கவுண்டன்யா சரணாலயப் பகுதியில் இருக்கிறது. நம் பக்கத்து அருவிகள் வற்றிய பிறகும் இதில் தண்ணீர் இருக்கும். குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாகவோ, பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை வழியாக வி.கோட்டா போயோ சேரலாம். இரண்டும் யானை நடமாடும் காடு. பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள். வாடகைக் கார் என்றால் ஆந்திர பர்மிட் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

மலையே வேண்டாம், பெரிய நீர்ப்பரப்பு போதும் என்றால் சாத்தனூர். தென்பெண்ணையில் 1958-ல் கட்டி முடித்த 119 அடி அணை, முதலைப் பண்ணை, பூங்கா. திருவண்ணாமலையிலிருந்து 30 கி.மீ. வயதானவர்களோடு போக இதுதான் வசதி.

யானை எதிரே வந்தால்?

நூறு மீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டவும் வேண்டாம். இன்ஜினை அணைக்காமல், தேவைப்பட்டால் மெதுவாகப் பின்வாங்குங்கள். அது சாலையைக் கடந்த பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பின்னால் குட்டியோடு மற்றவை வரும். படம் எடுக்கக் கீழே இறங்காதீர்கள்.

பாறை விளிம்புகளில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அங்கே புகை, சென்ட் இரண்டும் ஆகாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வளைவுகளில் வாந்தி வராமல் இருக்க?

ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இட்லி அளவுக்கு லேசாகச் சாப்பிட வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது. செல்போன் பார்க்கக் கூடாது, தூரத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே. ஓட்டுபவர் போடவே கூடாது; தூக்கம் வரும்.

எங்கே தங்குவது?

ஏலகிரியில் எல்லா விலையிலும் விடுதி உண்டு. சனி இரவுக்கு மட்டும் முன்பதிவு அவசியம். ஜமுனாமரத்தூரில் இடம் குறைவு. முன்பதிவு உறுதியான பிறகே மலையேறுங்கள். கிடைக்காவிட்டால் போளூரிலோ திருவண்ணாமலையிலோ தங்கி, விடியற்காலையில் ஏறுவது நல்லது.

சாப்பாடு, வாங்கி வர ஏதாவது?

மூன்றாம் நாள் மதியத்தை ஆம்பூருக்கு ஒதுக்குங்கள். சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கு. பன்னிரண்டரைக்குப் போய்விட்டால் அப்போதுதான் தம் உடைத்த அண்டா கிடைக்கும். மலையில் சாப்பாட்டுக் கடை குறைவு என்பதால் முதல் இரண்டு நாளுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். அது இன்றும் சரியான யோசனைதான். தண்ணீர்க் கேன் வண்டியில் இருக்கட்டும்.

ஜவ்வாது மலையில் சாமை, தினை, தேன், புளி வாங்கலாம். மலைவாழ் மக்களிடமே நேராக வாங்குங்கள், பேரம் பேசி அடிக்காதீர்கள். அந்தச் சாமை மானாவாரி நிலத்தில் கையால் விளைவித்தது. சில்லறையும் ரொக்கமும் கையில் வேண்டும், சிக்னல் இல்லாத இடத்தில் செல்போன் பணம் போகாது. காட்டிலிருந்து கட்டை, செடி எதையும் எடுத்து வராதீர்கள். இது சந்தனக் காடு, சோதனைச்சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. குப்பைக்கு ஒரு துணிப்பை போட்டுக் கீழே கொண்டுவந்து போடுங்கள்.

பைக்கில் போகலாமா?

தாராளமாக. மழை பெய்த மறுநாள் வளைவுகளின் உள்விளிம்பில் மணலும் சரளையும் கிடக்கும், அங்கே முன்பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவராக இறங்கும்போது இன்ஜின் பிடிப்பு குறைவு, பிரேக் சீக்கிரம் சூடாகும். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆற விடுங்கள்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

ஆம்புலன்ஸ் 108. பொது அவசர எண் 112. வேலூர்–வாணியம்பாடி தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. சிக்னல் இல்லாத இடத்தில் அடிபட்டால் அழைத்துக்கொண்டே நிற்காமல், அந்த வழியாக வரும் பேருந்தை நிறுத்துங்கள். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும், எந்த ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தெரியும். பெரிய காயத்துக்குத் திருப்பத்தூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகள். வேலூர் பக்கம் இறங்கினால் திருவண்ணாமலைச் சாலையிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி. கிளம்பும் முன் தங்குமிடப் பெயரையும் வழியையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, இரவு எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.